நாடிழந்தோரின் நண்பர் நான்ஸன்

வடதுருவப் பிரயாணங்களைப் பற்றிப் பூகோள நூல்களில் வாசித்தோர் யாவரும் பிரிட்யாப் நான்ஸன் என்னும் பெயரை அறிவர். உறைந்த கடலின்மீது மூன்று ஆண்டுகள் கழித்து உயிருடன் மீண்டவர் என்றும், அந்நாள் வரையில் வேறெவரும் எட்டியிராத வட எல்லையை அடைந்தவர் என்றும் அவரைக் குறித்துக் கற்கின்றோம். ஆயின், ஐம்பத்தெட்டு வயது நிரம்பிய பின்னர் அவர் செய்த காரியங்களை அந்நூல்கள் இரண்டொரு வரிகளிற் கூறி விட்டுவிடுகின்றன. யுத்தத்தினால் வீட்டையும் நாட்டையும் இழந்து, எத்தேசத்தாராலும் தம்மவர் என்று ஏற்கப்படாது திரிந்த லட்சக்கணக்கான ஜனங்களுக்கு அவர் புரிந்த தொண்டே இங்கு நாம் முக்கியமாகக் கூற எடுத்துக்கொண்டது. எனினும், முற்பகுதியை அறியாதார்க்குப் பிற்பகுதி விளங்குதல் அரிது; ஆதலின் அதனையும் சுருக்கமாகச் சொல்லி மேற்செல்வோம்.

நான்ஸன் 1861-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆம் தேதி, நார்வே தேசத்தில், பிற்காலத்தில் ஆஸ்லோ எனப் பெயர் மாற்றப்பெற்ற கிறிஸ்டியானியா நகரத்தை அடுத்த ஒரு பண்ணை வீட்டிற் பிறந்தார். தந்தையார் பால்டுர் நான்ஸன் வழக்கறிஞர். நேர்மையும் கண்டிப்பும் மிக்கவர். தாயார் அடிலெய்ட் உயர்ந்த குடும்பத்துப் பெண்மணி. பனிச்சறுக்குப் பழகுதல் பெண்களுக்கு அடாது என்று பலர் எண்ணிய காலத்தில், அவ்வம்மையார் தாமே சறுக்குக் கட்டைகளைக் காலிற் கட்டிக்கொண்டு பனியில் ஓடினார். பிள்ளைகளும் அவ்வாறே வளர்ந்தனர். நான்ஸன் 1880-ஆம் ஆண்டிற் சர்வகலாசாலையிற் சேர்ந்து விலங்கியலைத் தம் பாடமாகக் கொண்டார். நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடவாமல் வெளியிலே திரிவதற்கு அப்பாடம் இடந்தரும் என்று அவர் நம்பினார். 1882-இல் சீல் வேட்டைக் கப்பலொன்றில் ஏறி வட கடலுக்குச் சென்றபோது, தூரத்தே கிரீன்லாந்தின் பனி மூடிய மலைகளைக் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு நீங்கவேயில்லை. பின்னர்ப் பெர்கன் நகரத்துக் காட்சிச்சாலையில் அமர்ந்து, சிற்றுயிர்களின் நரம்பு மண்டலத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு ஆராய்ந்து, 1888-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற அதே ஆண்டில், ஐந்து தோழர்களோடு கிரீன்லாந்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். அத்தீவின் மேற்குக் கரையில் ஊர்கள் உண்டு. கிழக்குக் கரையோ பெரும்பாலும் மனித சஞ்சாரமற்றது. முன் சென்றோர் யாவரும், ஆபத்து நேர்ந்தால் திரும்பி வரலாம் என்று கருதி மேற்கிலிருந்தே புறப்பட்டுத் தோற்றனர். நான்ஸன் இதனைத் தலைகீழாக மாற்றிக் கிழக்கிலிருந்து தொடங்கினார். பின்னே ஊரில்லை, முன்னேதான் உண்டு. திரும்புவதற்கு வழி வைத்துக்கொள்ளாதவன் முன்னேறியே தீருவான் என்பது அவர் கணக்கு. அறிவாளிகள் பலர் இதனைப் பித்தர் செயல் என்றனர். 1888-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி மேற்குக் கரையிலுள்ள காட்ஹாப் என்னும் ஊரை அவர் அடைந்தார். அவ்வாண்டின் கடைசிக் கப்பல் போய்விட்டமையால், குளிர்காலம் முழுவதும் எஸ்கிமோ மக்களோடு வாழ்ந்து, அவர்களுடைய பாஷையையும் தொழில்களையும் ஒருவாறு கற்றுக்கொண்டு 1889-இல் ஊர் திரும்பினார். அவ்வாண்டே ஈவா சார்ஸ் என்னும் பாடகியை மணந்தார்.

அடுத்த பிரயாணம் இதனினும் விந்தையானது. சைபீரியாவின் வடக்கே 1881-இல் பனியால் நொறுக்கப்பட்டு மூழ்கிய ஜெனட் என்னும் கப்பலின் பொருள்கள் சில, மூன்று ஆண்டுகளுக்குப்பின் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அவற்றை அங்குக் கொணர்ந்தது யாது? துருவக் கடலின் குறுக்கே ஓர் நீரோட்டம் இருத்தல் வேண்டும் என்று நான்ஸன் ஊகித்தார். அவ்வோட்டம் உடைந்த பொருள்களைச் சுமந்து செல்லுமாயின், ஒரு கப்பலையும் சுமந்து செல்லுமன்றோ? பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே எழும்பும்படி அடிப்பாகம் உருண்ட வடிவமாயுள்ள ஒரு கப்பலைக் காலின் ஆர்ச்சர் என்னும் சிற்பியைக் கொண்டு கட்டுவித்தார். பிராம் என்று பெயர்பெற்ற அக்கப்பல் 1893-இல் புறப்பட்டு, தானே வலியச் சென்று பனியில் அகப்பட்டுக்கொண்டது. ஓட்டம் துருவத்தைத் தொடாது செல்லும் என்று கண்ட நான்ஸன், 1895-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜோஹான்ஸன் என்னும் தோழரோடு கப்பலை விட்டிறங்கி, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளோடு நடந்தார். 86 பாகை 14 கலை வரையிற் சென்று திரும்பினார். பிரான்ஸ் ஜோசப் தீவுகளிற் கல்லாலும் தோலாலும் அமைத்த குடிசையொன்றில், கரடி இறைச்சியே உணவாக, ஒரு குளிர்காலம் முழுவதும் இருவரும் கழித்தனர். 1896-இல் அவர்கள் மீண்டனர். அதே மாதத்தில் பிராம் கப்பலும் ஒருவரையும் இழவாது துறைமுகத்தை அடைந்தது. பசி இன்னது, குளிர் இன்னது, பிறர் தரும் ஒரு பிடி உணவின் அருமை இன்னது என்பனவற்றை அவர் புத்தகத்தில் வாசித்து அறிந்தவரல்லர் என்பதற்காகவே இவற்றை எடுத்துரைத்தோம்.

இவ்வெற்றிகளுக்குப் பின்னர் அவர் பெயர் உலகெங்கும் பரவிற்று. 1905-இல் நார்வே, சுவீடனினின்று பிரிந்து சுதந்தரம் பெற்ற காலத்தில், தேசத்திற்காகப் பிற நாட்டாரோடு பேசும் பொறுப்பு அவருக்கு நேர்ந்தது. 1906 முதல் 1908 வரையில் இலண்டனில் நார்வேயின் முதல் ஸ்தானாதிபதியாக அமர்ந்திருந்தார். அவ்வேலை அவருக்கு உவப்பாயிருந்ததில்லை. 1907-ஆம் ஆண்டு டிசம்பரில் மனைவியார் காலமானார். 1913-இல் இளைய குமாரனும் இறந்தான். அவர் கடலாராய்ச்சியில் மனத்தைச் செலுத்தித் துயரத்தை ஒருவாறு ஆற்றிக்கொண்டார்.

1914-இல் மகா யுத்தம் மூண்டது. நார்வே நடுநிலைமை வகித்ததாயினும், தானியம் கிடையாமல் வருந்திற்று. 1917-இல் நான்ஸன் வாஷிங்டன் சென்று, பல மாதங்கள் தங்கி வாதாடி, தம் நாட்டிற்கு உணவுப் பொருள் அனுப்புதற்குரிய உடன்படிக்கையைப் பெற்று மீண்டார். கப்பல், தானியம், கடன், முத்திரை, கையெழுத்து என்பனவற்றால் ஜனங்களின் உயிர் எவ்வாறு தாங்கப்படுகின்றது என்பதை இங்கேதான் அவர் கற்றார் என்று நாம் கருதுகின்றோம்.

யுத்தம் முடிந்து ஒன்றரை ஆண்டு கழிந்தும், லட்சக்கணக்கான சிறைக்கைதிகள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பக் கூடவில்லை. ஆஸ்திரியர், ஹங்கேரியர், ஜெர்மானியர், செக்கர், ருமேனியர் முதலியோர் சைபீரியாவிலும் ருஷ்யாவின் பிற பாகங்களிலும் முகாம்களிற் கிடந்தனர். ருஷ்யர் பலர் ஜெர்மனியிற் கிடந்தனர். காயலாவாலும் குளிராலும் பட்டினியாலும் நாள்தோறும் மாண்டனர். அவர்களிற் சிலர் சிறைப்பட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சர்வதேச சங்கம் இக்காரியத்தை நான்ஸனிடம் ஒப்படைத்தது. அவர் முதலில் தயங்கினார். ஆராய்ச்சியை விட்டு வர மனமில்லை. பின்னர் ஒப்புக்கொண்டார்.

இவ்வேலையில் ஒரு வேடிக்கையான முட்டுப்பாடு இருந்தது. சோவியத் அரசாங்கம் சர்வதேச சங்கத்தை ஒரு பொருளாக மதிக்கவில்லை. அதனோடு பேசவும் மறுத்தது. சங்கத்திலிருந்த வல்லரசுகளோ சோவியத் அரசாங்கத்தை ஓர் அரசாங்கமென்றே ஏற்கவில்லை. இருதிறத்தாரும் நம்பிய ஒருவர் நான்ஸனே. ஆகவே, சோவியத்தார் சங்கத்தின் பிரதிநிதியென்று அவரைக் கொள்ளாது, நான்ஸன் என்னும் தனி மனிதராகக் கொண்டு உடன்படிக்கை செய்தனர். எஸ்டோனியாவிலுள்ள நார்வா நகரம் கைமாறும் இடமாயிற்று. அங்கே ருஷ்ய ரயில்கள் கைதிகளைக் கொணர்ந்து இறக்கின. அவர்களைக் கப்பல்கள் பால்டிக் கடல் வழியே ஜெர்மனிக்கு ஏற்றிச்சென்று, அங்கிருந்து ருஷ்யக் கைதிகளை ஏற்றிக்கொண்டு திரும்பின. இவ்வாறு போகும்போதும் வரும்போதும் கப்பல் வெறுமையாக இராமையாற் செலவு மிகக் குறைந்தது. 1922-ஆம் ஆண்டிற்குள் நான்கு லட்சத்து இருபத்தேழாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் வீடுகளைச் சேர்ந்தனர். இவ்வெண்ணிக்கையை எழுதுதல் எளிது. இவர்களில் ஒவ்வொருவரையும் எதிர்பார்த்து எங்கேயோ ஒரு வாசலில் ஒரு தாயோ மனைவியோ நின்றிருந்தனர் என்பதையும் உடன் எண்ணிக்கொள்ளுதல் வேண்டும்.

இவ்வேலை நடைபெறும்போதே 1921-ஆம் ஆண்டு கோடையில் வோல்கா நதிப் பிரதேசத்தில் மழை பொய்த்தது. மகா யுத்தமும், அதன்பின் உள்நாட்டு யுத்தமும், குடியானவரிடமிருந்து தானியத்தைப் பலவந்தமாகப் பறித்த ராஜாங்க முறையும் ஏற்கெனவே களஞ்சியங்களை வெறுமையாக்கியிருந்தன. விதை நெல்லையும் உண்டுவிட்ட குடும்பங்கள் ஊரைவிட்டு வழியோரங்களிலும் ரயில் நிலையங்களிலும் வீழ்ந்து கிடந்தன. ஆசிரியர் மாக்ஸிம் கார்க்கி உலகத்தாரை நோக்கி உதவி வேண்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஜெனீவாவிற் கூடிய செஞ்சிலுவைச் சங்கங்களும் பிற தர்ம ஸ்தாபனங்களும் நான்ஸனைத் தம் நிவாரண வேலைக்குத் தலைவராக்கின. செப்டம்பரில் அவர் சர்வதேச சங்கத்தின் சபையில் எழுந்து, அரசாங்கங்கள் சேர்ந்து 50 லட்சம் பவுன் கடனாகத் தரவேண்டுமென்று மன்றாடினார். அத்தொகை ஒரு யுத்தக் கப்பலின் விலையிற் பாதியே என்று எடுத்துக்காட்டினார். அமெரிக்கக் கண்டத்தில் தானியம் வாங்குவாரின்றி மிகுந்து கிடப்பதையும், அது எரிக்கப்படுவதையும், கப்பல்கள் துறைமுகங்களில் வேலையின்றி நிற்பதையும் சொன்னார்.

சபை மறுத்துவிட்டது. மறுத்தவர்கள் யாவரையும் கல்நெஞ்சர் என்று கூறுதல் நீதியன்று; அவர்களுடைய வாதத்தையும் கேட்டல் வேண்டும். பஞ்சத்திற்குச் சோவியத் ஆட்சியின் கொள்கைகளும் காரணமாயிருக்க, அவ்வாட்சியின் கையிற் பணம் கொடுப்பது அதனைப் பலப்படுத்துவதாகும் என்பது அவர்கள் கூற்று. நான்ஸன் இவ்வாதத்தை மறுத்துரைக்கவில்லை. உதவியினால் அவ்வாட்சி சிறிது பலப்படலாம் என்பதை ஒப்புக்கொண்டு, அதன் பொருட்டு இரண்டு கோடி மக்கள் பட்டினியால் மடியும்படி விடத் துணிவார் இச்சபையில் உளரோ என்று வினவினார். ஒருவரும் விடையிறுக்கவில்லை, பணமும் கொடுக்கவில்லை.

அரசாங்கங்களை நம்பிப் பயனில்லை என்று கண்ட நான்ஸன் ஜனங்களை நாடிச் சென்றார். 1921-ஆம் ஆண்டின் கடைசியில் தாமே வோல்காப் பிரதேசத்திற்குச் சென்று, பிணங்கள் குவிந்த இடுகாடுகளையும், எலும்பும் தோலுமான குழந்தைகளையும் புகைப்படம் எடுப்பித்தார். 1922-இல் ஊர் ஊராகச் சென்று அப்படங்களை விளக்கொளியிற் காட்டிப் பிரசங்கம் செய்தார். அறுபது வயதைக் கடந்த அம்மனிதர் இவ்வாறு கையேந்தியதைக் கண்டு, தொழிலாளரும் பள்ளிப் பிள்ளைகளும் தம்மாலியன்றதைக் கொடுத்தனர். ஆயினும் உண்மையை மறைத்தலாகாது: உணவளித்தோரில் மிகப் பெரும்பகுதி ஹூவரின் தலைமையிலிருந்த அமெரிக்க நிவாரணச் சங்கத்தாருடையது. 1922-இல் அவர்கள் நாள் ஒன்றுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு உணவளித்தனர். நான்ஸனைச் சார்ந்த சங்கங்கள், சராட்டோவ் பகுதியில் உழைத்த பிரிட்டிஷ் குழந்தைப் பாதுகாப்புச் சங்கம் உட்பட, அதனிற் சிறிய பங்கே செய்தன. எல்லாம் சேர்ந்தும், ஏறக்குறைய 50 லட்சம் ஜனங்கள் மாண்டனர் என்று சரித்திரக்காரர் கணக்கிடுகின்றனர்.

இனி, அவர் பெயர் நிலைபெறக் காரணமாகிய விஷயத்திற்கு வருவோம். 1920-ஆம் ஆண்டு நவம்பரில் ரேங்கல் என்னும் தளபதியின் வெள்ளைச் சேனை தோல்வியுற்றபோது, படைவீரரும் பெண்டிரும் பிள்ளைகளுமாக ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் கிரிமியாவிலிருந்து கப்பல்களில் நெருக்குண்டு கான்ஸ்டான்டினோபிலை வந்தடைந்தனர். இவர்களுக்கு முன்னும் பின்னும் வேறு வழிகளால் ருஷ்யாவை விட்டு நீங்கியோர் பலர். போலந்து, ஜெர்மனி, பிரான்சு, பால்கன் நாடுகள், சீனம் என எங்கும் சிதறிய இவ்வகதிகள் பத்து லட்சத்திற்கு மேற்பட்டவர் என்று அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. 1921-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைவர் குஸ்டாவ் ஆடார் இவர்களுடைய நிலைமையைச் சர்வதேச சங்கத்திற்கு எழுதி முறையிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் நான்ஸன் ருஷ்ய அகதிகளுக்குரிய ஹை கமிஷனராக நியமிக்கப்பட்டார்.

பசிக்கு உணவளிக்கலாம், நோய்க்கு மருந்தளிக்கலாம். ஆனால் இவ்வகதிகளை வாட்டிய துன்பம் வேறொன்றும் இருந்தது. 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் சோவியத் அரசாங்கம், வெளிநாடு சென்று தங்கிவிட்ட ருஷ்யர்களின் குடியுரிமையை நீக்கிச் சட்டம் செய்தது. அன்று முதல் அவர்கள் எந்நாட்டாருமல்லர். யுத்தத்திற்கு முன் ஐரோப்பாவிற் பாஸ்போர்ட்டு இன்றிப் பல நாடுகளுக்குப் போய்வரக் கூடியதாயிருந்தது; யுத்தத்திற்குப் பின்னரோ ஒவ்வோர் எல்லையிலும் சாவடி ஏற்பட்டுக் காகிதம் கேட்கப்பட்டது. காகிதமில்லாதவன் வேலையுள்ள ஊருக்குப் போகக் கூடாது. இருக்கும் ஊரில் இருக்கவும் உரிமையில்லை. ஒரு நாட்டார் அவனைத் துரத்த, அடுத்த நாட்டார் உள்ளே விடாது மறுக்க, இரண்டு சாவடிகளுக்கிடையே நின்று அவன் செய்யத்தக்கது யாது? கை கால்கள் திடமாயிருந்தும், தொழில் தெரிந்திருந்தும், ஒரு முத்திரையில்லாத குறையினால் மனிதர் பிச்சையெடுக்க நேர்ந்த விசித்திரம் அக்காலத்தில்தான் தோன்றிற்று.

நான்ஸன் 1922-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜெனீவாவில் அரசாங்கங்களின் பிரதிநிதிகளைக் கூட்டி ஓர் ஏற்பாட்டிற்கு அவர்களை இசைவித்தார். அகதி எந்நாட்டில் இருக்கின்றானோ அந்நாட்டரசாங்கமே அவனுக்கு ஓர் அத்தாட்சிப் பத்திரம் கொடுப்பது. அதிற் பெயர், வயது, தொழில், அடையாளம் ஆகியவை எழுதப்பட்டு, அவன் ருஷ்ய அகதி என்பது குறிக்கப்படும். பிற அரசாங்கங்கள் அதனை ஒப்புக்கொள்ளும். ஓராண்டு செல்லத்தக்க அத்தாளே நான்ஸன் பாஸ்போர்ட்டு என வழங்கலாயிற்று. அது குடியுரிமையைத் தரவில்லை, வேலையைத் தரவில்லை, முதலில், புறப்பட்ட நாட்டிற்குத் திரும்பி வரும் உரிமையையுங்கூடத் தரவில்லை. 1926-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே அவ்வசதி பெரும்பாலும் கிடைத்தது. அதே ஆண்டில், பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது, கொடுக்கச் சக்தியுள்ள அகதிகள் ஐந்து பொற்பிராங்கு மதிப்புள்ள ஒரு முத்திரைத் தலையை ஒட்டவேண்டும் என்று விதித்து, அப்பணத்தை ஏழை அகதிகளுக்குச் செலவிட்டனர். அம்முத்திரையில் நான்ஸனுடைய உருவம் அச்சிடப்பட்டிருந்தது. அரசரின் தலை இருக்கவேண்டிய இடத்தில், அரசனில்லாதவர்களுக்கு, ஒரு பேராசிரியரின் தலை இருந்தது.

குறைகள் பலவாயினும், இத்தாளின் பயன் பெரிது. காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசாங்கங்கள் இதனை ஏற்றன. 1924-இல் ஆர்மீனியருக்கும், 1928-இல் அசீரியர் முதலிய பிறருக்கும் இது விரிவாக்கப்பட்டது. இசைப் புலவராகிய ஸ்டிராவின்ஸ்கியும் ராக்மனினாவும், சித்திரக்காரராகிய ஷகாலும் இதனை வைத்திருந்தவர்களிற் சிலர். இதனைக் கொண்டு சுரங்கத்தில் வேலை தேடிச் சென்ற பெயரறியாத கூலியாளருக்கே அதனால் மிகுந்த நன்மை விளைந்தது என்பது எமது அபிப்பிராயம். அகதிகளுள் பலர் நான்ஸனை நேசித்தனர் என்று எண்ணிவிடலாகாது. அவர் சோவியத்தாரோடு பேசி, விரும்பியவர்களை ருஷ்யாவிற்கே திருப்பியனுப்பும் முயற்சியும் செய்தமையால், பகைவருக்கு நண்பர் என்று அவரை வெறுத்தோரும் இருந்தனர். சோவியத்தாரும் சிற்சில வேளைகளில் அவரை ஐயுற்றனர்.

1922-ஆம் ஆண்டிற்குரிய சமாதான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. அப்பணத்தை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாது நிவாரண வேலைகளுக்கே செலவிட்டார்.

பரிசு பெற்ற அக்காலத்திலேயே வேறொரு பெருந்துயரம் அவர் முன் நின்றது. 1922-ஆம் ஆண்டு செப்டம்பரில் துருக்கிச் சேனை ஸ்மர்னா நகரத்தை அடைந்தது. சில நாட்களில் அந்நகரம் தீக்கிரையாயிற்று. அனட்டோலியாவிலிருந்து கிரேக்கக் கிறிஸ்தவர்கள் லட்சக்கணக்காய்க் கடலைக் கடந்து கிரீஸ் தேசத்திற்கு ஓடிவந்தனர். வந்தவரிற் பெரும்பாலார் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமே. வயதுவந்த ஆடவரிற் பலரைத் துருக்கியர் வேலைப் பட்டாளங்களுக்கெனத் தடுத்து வைத்துவிட்டனர். ஏறக்குறைய 50 லட்சம் ஜனங்களையுடைய ஏழைத் தேசத்தில், பத்து லட்சத்திற்கு மேற்பட்டவர்கள் சில மாதங்களில் வந்து இறங்கினர். நாடக சாலைகளிலும் கோவில்களிலும் பண்டகசாலைகளிலும் அவர்கள் குளிரில் நடுங்கிக் கிடக்க, விஷஜுரமும் அம்மையும் பரவின.

நான்ஸன் அங்குச் சென்று இருதரத்து அரசாங்கங்களோடும் பேசி, ஜனங்களை மாற்றிக்கொள்ளும் யோசனையை முன்னின்று நடத்தினார். துருக்கியிலுள்ள கிரேக்கத் திருச்சபையாரும் கிரீஸிலுள்ள முஸ்லிம்களும் இடம் மாறுவது என்று 1923-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி லாஸேன் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கான்ஸ்டான்டினோபிலின் கிரேக்கருக்கும் மேற்குத் திரேஸின் முஸ்லிம்களுக்கும் மாத்திரம் விலக்களிக்கப்பட்டது. மற்றவர்கள் விரும்பினும் விரும்பாவிடினும் போயே தீரவேண்டும். யார் எவர் என்பதை மதம் ஒன்றே நிர்ணயித்தது. துருக்கி பாஷையன்றி வேறறியாத கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், கிரேக்க பாஷையன்றி வேறறியாத கிரீட் தீவின் முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். ஏறக்குறைய மூன்றரை லட்சம் முஸ்லிம்கள் தம் வயல்களையும் முன்னோர் கல்லறைகளையும் விட்டுச் சென்றனர்.

இவ்விஷயத்தில் நான்ஸனைக் குறைகூறாது விடுதல் தகாது. கிரேக்கர் ஏற்கெனவே துரத்தப்பட்டுவிட்டனர், அவர்களைத் திரும்ப ஏற்கத் துருக்கி ஒருபோதும் இசையாது, அவர்களைக் குடியேற்ற நிலமும் வீடும் வேண்டும், வேறு வழியில்லை என்பது அவருடைய எண்ணம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அகதிகளைக் காக்க எழுந்தவர், அமைதியாக வாழ்ந்திருந்த லட்சக்கணக்கான குடும்பங்களைப் புதிய அகதிகளாக்கும் ஏற்பாட்டிற்குத் துணைநின்றார் என்பதும் உண்மையே. பிற்காலத்தில் வேறு பல நாடுகளில் ஜனங்களைப் பலவந்தமாக இடம் பெயர்க்க விரும்பினோர் லாஸேனைச் சுட்டிக்காட்டியே நியாயம் பேசினர்.

குடியேற்ற வேலையில் அவர் காட்டிய வழியோ போற்றத்தக்கது. இலவச உணவு கொடுத்துக்கொண்டே இருந்தால் அதற்கு முடிவில்லை. நிலமும் விதையும் கருவியும் கொடுத்தால் அகதி தானே தன்னைக் காத்துக்கொள்வான் என்று அவர் கூறி, மேற்குத் திரேஸில் சில ஆயிரம் பேரைப் புதிய கிராமங்களில் அமர்த்திக் காட்டினார். அம்முறையைப் பெரிய அளவிற் பின்பற்றச் சர்வதேச சங்கத்தின் ஆதரவில் ஒரு குடியேற்றக் கமிஷன் ஏற்பட்டது. ஹென்றி மார்கந்தோ என்னும் அமெரிக்கர் அதன் முதல் தலைவர். 1924-இல் ஏறக்குறைய ஒரு கோடி பவுன் கடனாகத் திரட்டப்பட்டது. ருஷ்யப் பஞ்சத்திற்கு அதிற் பாதியும் கொடாத அதே உலகம், மூன்று ஆண்டு கழித்து இதனைக் கொடுத்தது. இங்கே கடனுக்கு ஈடு இருந்தது, வட்டி இருந்தது, கடன் வாங்கும் அரசாங்கத்தை யாரும் வெறுக்கவில்லை.

அவருடைய கடைசி ஆண்டுகள் ஆர்மீனியருக்காகச் செலவாயின. 1915 முதல் நாடுகடத்தலாலும் படுகொலையாலும் பெரும்பகுதி அழிந்த அம்மக்களுக்குத் தனி நாடு தருவதாக 1920-ஆம் ஆண்டின் ஸேவர் உடன்படிக்கை வாக்களித்தது. 1923-ஆம் ஆண்டின் லாஸேன் உடன்படிக்கையிலோ ஆர்மீனியா என்னும் பெயரே காணப்படவில்லை. மிஞ்சியவர்கள் கிரீஸ், சிரியா, லெபனான் முதலிய இடங்களில் தகரக் கொட்டகைகளில் ஒடுங்கிக் கிடந்தனர். 1925-இல் நான்ஸன் நிபுணர் சிலரோடு சோவியத் ஆர்மீனியாவின் எரிவான் நகருக்குச் சென்று, சர்தாராபாத் என்னும் வறண்ட சமவெளியை வாய்க்கால் வெட்டிப் பாசனஞ் செய்து அகதிகளைக் குடியேற்றத் திட்டம் வகுத்தார். வேண்டிய பணம் சுமார் 10 லட்சம் பவுன். யுத்த காலத்தில் ஆர்மீனியருக்கு வாக்களித்த அரசாங்கங்கள் ஆண்டுதோறும் அனுதாபம் தெரிவித்தன, பணம் தரவில்லை. திட்டத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கேட்டும் பயனில்லை. 1929-இல் அது கைவிடப்பட்டது. நான்ஸன் தம் வாழ்நாளில் அடைந்த தோல்விகளில் இதுவே அவரை மிகவும் வருத்திற்று.

இடையே, 1925-இல் ஸ்காட்லாந்திலுள்ள ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலையின் மாணவர் அவரைத் தம் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தனர். 1926-இல் அவர் அங்கு நிகழ்த்திய பிரசங்கம், இளைஞர் துணிந்து புறப்பட வேண்டியதைப் பற்றியதே. பின்னே ஊரில்லாத கரையிலிருந்து தொடங்கிய கிரீன்லாந்துக் கதையை அம்மாணவருக்கும் அவர் கூறினார்.

1930-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி, ஆஸ்லோவை அடுத்த லைசாக்கரில் தாமே கட்டிய போல்ஹக்டா என்னும் வீட்டில் அவர் காலமானார். மே 17-ஆம் தேதி, நார்வே மக்கள் தம் அரசியலமைப்பு நாளைக் கொண்டாடும் தினத்தில், அரசாங்க மரியாதைகளுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. அவ்வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தின் கீழ் அவர் சமாதி உள்ளது.

அவர் வேலையைத் தொடர்ந்து செய்யச் சர்வதேச சங்கம் 1931-இல் அவர் பெயரால் ஓர் அலுவலகத்தை ஏற்படுத்திற்று. சிரியாவிலும் லெபனானிலும் 40,000-க்கு மேற்பட்ட ஆர்மீனியருக்கு அது கிராமங்கள் அமைத்தது. எரிவானிலும் 10,000 பேர் குடியேறத் துணைநின்றது. அவ்வலுவலகத்திற்கு 1938-இல் சமாதான நோபல் பரிசு கிடைத்தது; அவ்வாண்டின் முடிவிலேயே அது மூடப்பட்டது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, நான்ஸன் பாஸ்போர்ட்டைப் போன்றதொரு பிரயாணப் பத்திரத்திற்கு விதி செய்தது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஹை கமிஷனர் 1954 முதல் அவர் பெயரால் ஒரு விருதும் வழங்கிவருகின்றார். அதனை முதலிற் பெற்றவர் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார்.

அவருடன் உழைத்தவருள் ஒருவரைப் பற்றியும், அவர் மகனைப் பற்றியும் சொல்லவேண்டுவது உண்டு. 1922-இல் உக்ரேனியாவில் பஞ்ச நிவாரண வேலையைத் திறம்பட நடத்தியவரும், 1925-இல் ஆர்மீனியாவிற்கு நான்ஸனோடு சென்றவருமான இளம் படையதிகாரி விட்குன் குவிஸ்லிங். 1940-இல் ஜெர்மானியர் நார்வேயைக் கைப்பற்றியபோது அவர்களுக்குத் துணையாகி, 1942-இல் அவர்கள் நிழலில் நாட்டை ஆளும் தலைவரானவரும் அவரே. தேசத்துரோகத்திற்கு அவர் பெயரே பல பாஷைகளில் ஒரு சொல்லாய்விட்டது. நான்ஸனின் மகன் ஆட் நான்ஸன் கட்டடக் கலைஞராயிருந்தார். நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர் முதலியோருக்கு உதவ, 1936-இல் தம் தந்தையார் பெயரால் ஒரு நிவாரணச் சங்கத்தை ஏற்படுத்தி, பிராக் நகரத்து யூதச் சிறுவர் சிலரையும் நார்வேக்கு வரவழைத்தார். 1942-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆட் நான்ஸன் சிறைப்பட்டு, பின்னர் ஜெர்மனியிலுள்ள ஸாக்ஸன்ஹௌஸன் முகாமிற்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே இரவுதோறும் மெல்லிய தாள்களில் நாட்குறிப்பு எழுதி, ரொட்டி அறுக்கும் பலகைகளை உள்ளே குடைந்து அவற்றில் மறைத்துவைத்தார். 1945-இல் அவர் விடுதலை பெற்று வீடு திரும்பியபோது அப்பலகைகளும் கூடவே வந்தன. அவ்வாண்டு அக்டோபரில் குவிஸ்லிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நாட்குறிப்பு 1947-இல் புத்தகமாய் வெளிவந்தது.